கீரையில் ஒளிந்த மஞ்சள்

மணலியில் எங்கள் தெருவுக்கு விடியற்காலையிலேயே கீரைக்கார அம்மாள் வந்துவிடுவார். "கண்ணுக்கு நல்லது, வாங்கம்மா!" என்று கூவுவார். விற்பனைக்காகச் சொல்லும் வார்த்தை என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒருநாள் என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன், "எவ்வளவு நல்லது ஐயா? அதை யார் அளந்தார்கள்?" என்று கேட்டுவிட்டான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு தேடிக் கண்டதையே இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அளக்கவேண்டிய பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே முதற் சங்கடம். கீரையின் பச்சையத்துக்குள் கரோட்டின் என்னும் மஞ்சள் நிறமி மறைந்து கிடக்கிறது. காரட்டுக் கிழங்கிலிருந்து அதை 1831இல் வாக்கன்ரோடர் என்னும் ஜெர்மானியர் பிரித்தெடுத்தார். ஆனால் பச்சை இலையில் பல நிறமிகள் கலந்திருக்கின்றனவே, என் செய்வது? வார்சாவில் பணியாற்றிய ருஷ்யத் தாவர அறிஞர் மிகயீல் ஸ்வெட் வழி கண்டார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை இறுக அடைத்து, இலைச் சாற்றை ஊற்றி, பெட்ரோலிய ஈதரால் கழுவி இறக்கினார். பச்சையங்கள் மேலே பட்டை பட்டையாகத் தங்கின. கரோட்டின் விரைந்து கீழிறங்கிற்று. இம்முறையை 1906இல் வெளியிட்டு, வண்ண எழுத்து என்னும் பொருள்பட, 'குரோமட்டோகிராபி' எனப் பெயரிட்டார். பெட்ரோலிய ஈதர் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது கிடைக்கும் இலேசான திரவம். 1969 முதல் எண்ணெய் சுத்திகரித்துவரும் மணலியில் அமர்ந்து இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்வெட்டின் முறையைப் பொருட்படுத்தியோர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவர் 1919இல் மறைந்தார். 1931இல் ஹைடல்பர்க் நகர ஆய்வாளர்கள் அதற்கு மறுவாழ்வு தந்தார்கள்.

சரி, இந்த மஞ்சளால் யாருக்கு என்ன பயன்? அந்நாளில் நம் ஏழைக் குழந்தைகள் பலருக்கு முதலில் மாலைக்கண் வரும்; பின்னர் கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலம் நெகிழ்ந்து உருகிப் பார்வை அடியோடு போய்விடும். சென்னை அரசினர் கண் மருத்துவமனையில் பணியாற்றிய ரைட் என்னும் மருத்துவர், தென்னிந்தியாவில் காணும் இக்கொடுமையைப் பற்றி 1922இலேயே கட்டுரை எழுதினார். 'ஏ' வைட்டமின் குறைவே இதற்குக் காரணம். கரோட்டின் உடலுக்குள் சென்று அந்த வைட்டமினாகவே மாறுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர் 1930இல் எலிகளைக் கொண்டு மெய்ப்பித்தார். அன்றிலிருந்து கீரையின் மஞ்சளை அளப்பது குழந்தையின் கண்ணைப் பற்றிய கணக்காயிற்று.

அக்கணக்கை நம் நாட்டு உணவுகளுக்குப் போட்ட இடம் நீலகிரியிலுள்ள குன்னூர். 1918இல் மெக்காரிசன் அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வே பின்னர் உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவருக்குப் பின் தலைமையேற்ற அய்க்ராய்டின் காலத்தில், 1937இல், இந்திய உணவுகளின் சத்து அட்டவணை வெளிவந்தது. கரோட்டினைக் கரைத்தெடுத்து, அதன் மஞ்சளைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலின் மஞ்சளோடு ஒப்பிட்டு அளப்பது அக்கால வழக்கம். கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. அங்கிருந்து 1971இல் வெளிவந்த அட்டவணையைப் பாருங்கள்: நூறு கிராம் முருங்கைக்கீரையில் 6,780 மைக்ரோகிராம் கரோட்டின், அகத்தியில் 5,400, காரட்டிலோ 1,890 மட்டுமே! வேலியோரத்து முருங்கையை விட்டு விலையுயர்ந்த காரட்டைத் தேடிப் போகிறவர்களை நினைத்து வியந்தேன்.

ஆனால் அந்த வியப்பு சற்று அவசரப்பட்டது. இலையில் உள்ளது வேறு, இரத்தத்தில் சேர்வது வேறு. 1967இல் உலக நிபுணர்கள் ஆறு பங்கு கரோட்டினை ஒரு பங்கு வைட்டமினுக்குச் சமமாகக் கொண்டார்கள். 1995இல் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மார்க்குப் பன்னிரண்டு வாரம் கீரை கொடுத்துப் பார்த்தபோது, அவர்களது வைட்டமின் நிலை உயரவில்லை. அதே கரோட்டினைச் சேர்த்த பிஸ்கட்டை உண்டவர்களுக்கோ நன்கு உயர்ந்தது. இலையின் உயிரணுக்களுக்குள் புரதத்தோடு பிணைந்த கரோட்டின் எளிதில் விடுபடுவதில்லை. 2001இல் அமெரிக்க நிபுணர்கள் ஆறைப் பன்னிரண்டாக்கினார்கள். அட்டவணையின் எண் மாறாதபடியே அதன் மதிப்பு பாதியாயிற்று!

இவ்விடத்தில் சென்னையின் பழைய செய்தி ஒன்று என் நினைவுக்கு வருகிறது. 1937இல் அய்க்ராய்டும் ரைட்டும் சேர்ந்து, கண் உருகும் நோயுற்ற குழந்தைகளுக்குச் செம்பனை எண்ணெய் கொடுத்து நலங்கண்டார்கள். அதிலும் இதே கரோட்டின்தான். ஆனால் எண்ணெயிலே கரைந்த நிலையில். கீரையை நன்கு வேகவைத்து, எண்ணெயில் தாளித்து உண்டால், கரோட்டின் சற்று அதிகமாகவே உடலில் சேரும்.

2017இல் ஐதராபாத் நிறுவனம் 528 உணவுகளுக்குப் புதிய அட்டவணை வெளியிட்டது. அதில் கரோட்டினோடு லூட்டீன் முதலிய பிற மஞ்சள் நிறமிகளும் தனித்தனியே அளக்கப்பட்டுள்ளன. அதைப் பிரித்துவைத்து அம்மாணவனை அழைத்துக் காட்டினேன். விரலால் முருங்கைக்கீரையின் வரியைத் தொட்டவன், சற்று யோசித்துவிட்டு, "இது வேகவைத்ததா, பச்சையா ஐயா?" என்று கேட்டான்.