மாலைத்தீவும் ‘பிராகிரஸ் லைட்’ கப்பலும்

 

வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதி வரும் ‘அல்கஹ்ஃப்’ அத்தியாயத்தில், கடலில் உழைத்துப் பிழைத்த ஏழைகளின் மரக்கலமும், கப்பல்களை வலிந்து பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவனும் இடம்பெறுவதை அறிவோம். கடலில் கலம் பறிப்பது பழங்காலத்தோடு முடிந்துபோன செய்தியன்று. 1988இல் நம் அண்டை நாடாகிய மாலைத்தீவில் நடந்ததை இன்றைய இளைஞர் பலர் அறியார்.

மாலைத்தீவு நமக்கு அந்நிய பூமியல்ல. தூத்துக்குடித் தோணிகள் பன்னெடுங்காலமாகச் சரக்கேற்றிச் சென்று வந்த நாடு அது. காயல்பட்டினம், கீழக்கரை அடுப்படிகளில் மணக்கும் மாசிக்கு ஊரும் அதுவே. 12ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவிய அத்தீவுகளில், 14ஆம் நூற்றாண்டில் பயணி இப்னு பதூதா காழியாகப் பணியாற்றியுள்ளார். 1978 முதல் அதன் அதிபராக இருந்த மஃமூன் அப்துல் கையூம் கெய்ரோவின் அல்அஸ்ஹரில் கல்வி கற்றவர். அவரைக் கவிழ்க்க 1980இலும் 1983இலும் நடந்த முயற்சிகள் தோற்றன.

மூன்றாவது முயற்சியே கொடியது. ஹிஜ்ரி 1409, ரபீஉல் அவ்வல் மாதத்தின் பிற்பகுதி. ஆங்கிலக் கணக்கில் 1988 நவம்பர் 3, வியாழக்கிழமை. பொழுது புலருமுன் ஏறத்தாழ 80 ஆயுததாரிகள் கடல் வழியே மாலே நகரில் இறங்கினர். அவர்கள் இலங்கையின் ‘பிளாட்’ இயக்கத்தைச் சேர்ந்த கூலிப்படையினர். அவர்களை அழைத்து வந்தவரோ அப்துல்லாஹ் லுத்ஃபி என்னும் மாலைத்தீவு வணிகர். தன் நாட்டாரோடு கொண்ட பகைக்கு அயலாரின் துப்பாக்கியை விலைக்கு வாங்கிய ஒரு முஸ்லிமின் செயலை நாம் எப்பெயரிட்டு அழைப்பது? இவ்வரலாற்றில் நம் நெஞ்சை அதிகம் சுடுவது இதுவே.

அதிபர் அவர்கள் கையில் சிக்காது நகருக்குள்ளேயே மறைந்திருந்து பல நாடுகளிடம் உதவி கோரினார். விரைந்து வந்தது இந்தியா. பிரதமர் ராஜீவ் காந்தியின் ஆணைப்படி, பிரிகேடியர் ஃபாரூக் புல்சாரா தலைமையில் பாராசூட் படைவீரர்கள் ஆக்ராவிலிருந்து இலியூஷின் விமானங்களில் புறப்பட்டு, 2000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து அன்றிரவே ஹுல்ஹுலே விமானத்தளத்தில் இறங்கினர். மாலேயைப் பிடித்தவர்கள் இந்த விமானத்தளத்தைப் பிடிக்காமல் விட்டிருந்தனர். அறிவு மயங்கியது என்பதா, அல்லாஹ்வின் நாட்டம் என்பதா! வீரர்கள் அங்கிருந்து படகுகளில் மாலேக்குக் கடந்து, வெள்ளிக்கிழமை விடியுமுன் அதிபரை மீட்டனர்.

தப்பியோட முற்பட்ட லுத்ஃபியும் கூலிப்படையினரும் துறைமுகத்தில் நின்ற ‘பிராகிரஸ் லைட்’ என்னும் வணிகக் கப்பலைக் கைப்பற்றி, பிணையாளிகளுடன் இலங்கை நோக்கிச் செலுத்தினர். பிணையாளிகளில் போக்குவரத்து அமைச்சர் அஹ்மத் முஜ்தபாவும் அவர் துணைவியாரும் இருந்தனர். இந்தியக் கடற்படை விமானங்கள் கப்பலைக் கண்டுபிடிக்க, ‘கோதாவரி’, ‘பேத்வா’ என்னும் இரு போர்க்கப்பல்கள் அதனைப் பின்தொடர்ந்தன.

இங்கேதான் தர்மசங்கடம். சுட்டால் உள்ளிருக்கும் அப்பாவிகள் மடியலாம். சுடாவிட்டால் கப்பல் கரை சேர்ந்துவிடும், பிணையாளிகளின் கதி என்னாகுமோ தெரியாது. முதலில் பேச்சுவார்த்தையே நடந்தது. அது பலிக்கவில்லை. கூலிப்படையினர் பிணையாளிகளில் சிலரைக் கொன்றனர். நவம்பர் 6 அன்று போர்க்கப்பல்கள் சுட்டன. அதன் பின்னரே அவர்கள் சரணடைந்தனர். எஞ்சிய பிணையாளிகள் மீட்கப்பட்டனர். சேதமுற்ற கப்பல் மறுநாள் கடலில் மூழ்கியது. சுட்டது தவறென்று வாதிடுவோர் உண்டு. கொலை தொடங்கிய பிறகும் காத்திருப்பது எவரைக் காப்பாற்றியிருக்கும் என்பதே அவர்களிடம் நம் கேள்வி.

மத்ரஸாவில் நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்களில் வழிப்பறிக்கென்று தனிப் பாடமே உண்டு. பிடிபடுமுன் தவ்பாச் செய்து திரும்பியவனுக்கும், பிடிபட்ட பின் கைதூக்குபவனுக்கும் அதில் சட்டம் வேறு. வழிப்பறியில் நிகழ்ந்த கொலைக்குக் கொல்லப்பட்டவரின் வாரிசுகள் மன்னித்தாலும் தண்டனை நீங்காது என்பது பெரும்பான்மை இமாம்களின் கருத்து. லுத்ஃபி முதலானோர் 1989இல் மாலேயில் விசாரிக்கப்பட்டனர். சிலருக்கு மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. பின்னர் ராஜீவ் காந்தி வேண்டிக்கொள்ளவே அதிபர் அதனை ஆயுள் சிறையாகக் குறைத்தார். மீட்க வந்தவரின் சொல்லைத் தட்டுவது எளிதன்று. ஆயினும் கப்பலில் உறவினரைப் பறிகொடுத்தோர் அதை எவ்வாறு ஏற்றிருப்பர் என எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

‘பிளாட்’ தலைவர் உமா மகேஸ்வரன் அதே 1989 ஜூலையில் கொழும்பில் கொல்லப்பட்டார். கையூமின் நீண்ட ஆட்சி மீது குறைகள் பல சொல்லப்பட்டதுண்டு. 2008இல் அவரை அப்புறப்படுத்தியது அந்நாட்டு மக்களின் வாக்குச்சீட்டு. நவம்பர் 3ஆம் நாளை மாலைத்தீவு மக்கள் வெற்றி நாளாக நினைவுகூர்கின்றனர்.