சுவர் சாய்ந்த இடத்தில் அலுமினிய வேலி: கிள்ளான் களிமண்ணில் எதைக் கவனிக்க வேண்டும்?

கிள்ளானில் பத்துப் பதினைந்து வருடம் ஆன ஒரு தாமானுக்குள் நடந்து பாருங்கள். வீடுகள் நேராகத்தான் நிற்கும். ஆனால் கார் நிறுத்தும் போர்ச்சின் தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கும். வீட்டுச் சுவரும் வேலிச் சுவரும் சேரும் மூலையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கும். சில வீடுகளில் கேட்டை இரண்டு கையாலும் தூக்கி இழுத்தால்தான் தாழ்ப்பாள் மாட்டும்.

இப்படிப்பட்ட வீட்டை அப்பா அம்மாவிடமிருந்து பெற்றவர்களும், புதிதாகக் கடன் எடுத்து வாங்கியவர்களும் முதலில் யோசிப்பது ஒன்றுதான்: பழைய செங்கல் சுவரை இடித்துவிட்டு அலுமினிய வேலி போடலாமா? "துரு பிடிக்காது, பெயிண்ட் அடிக்க வேண்டாம், வெயிட்டும் கம்மி" என்று விற்பவர்கள் சொல்வார்கள். மூன்றும் ஏறக்குறைய உண்மைதான். ஆனால் சுவர் சாய்ந்ததற்குக் காரணம் செங்கல் அல்ல, அடியில் இருக்கும் மண். அதை மறந்துவிட்டு மேலே எதை நட்டாலும் சில வருடங்களில் அதுவும் சாயும். இரண்டாவது முறை பணம் கட்டப்போவது நீங்கள்தான்.

வீடு நிற்கிறது, பாகார் மட்டும் ஏன் சாய்கிறது?

கடைசிப் பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது, இன்றைய கிள்ளான் கரையோரச் சமவெளி கடல் நீருக்கு அடியில் இருந்தது. அப்போது படிந்த நுண்ணிய சேறுதான் இன்று பொறியியலாளர்கள் 'கிள்ளான் களிமண்' என்று தனிப் பெயரிட்டு அழைக்கும் மண். சில இடங்களில் இது 20, 30 மீட்டர் ஆழம் வரை போகிறது. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரை விடச் சிறியது. துகள்களுக்கு நடுவே நீர் நிறைந்திருக்கும். மேலே பாரம் ஏறினால் அந்த நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும், மண் அமுங்கும். மணலில் இது உடனே நடந்து முடிந்துவிடும். களிமண்ணில் வருடக்கணக்கில் இழுக்கும்.

வீடு கட்டும்போது மேம்பாட்டாளர் பைலிங் அடித்து, பாரத்தை ஆழத்தில் உள்ள கெட்டியான மண்ணுக்குக் கொண்டுபோகிறார். அதனால் வீடு அசைவதில்லை. போர்ச் தரை, லோங்காங், வேலிச் சுவர் ஆகியவை பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கும். நிரப்பிய மண்ணே ஒரு பாரம்தான். அது அடியில் உள்ள களிமண்ணை அமுக்க, மேலே இருப்பதெல்லாம் சேர்ந்து இறங்குகிறது. எனவே "வீடு உடையப் போகுதா?" என்று பயப்படுவதற்கு முன், இறங்குவது வீடா அல்லது வீட்டைச் சுற்றியுள்ள தரையா என்று பாருங்கள். அநேகமாகத் தரையாகத்தான் இருக்கும். வீட்டின் தூண், பீம், உள்சுவர்களில் சாய்வான வெடிப்பு தெரிந்தால் அது வேறு விஷயம். வேலியைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் ஒரு பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. இன்றைய தாமான்கள் பல ஒரு காலத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். அங்கே வடிகால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின, வெட்டியவர்களில் நம் பாட்டன்மாரும் இருந்தார்கள். மூடப்பட்ட பழைய வடிகால் ஒன்று உங்கள் எல்லைக்கோட்டின் குறுக்கே போனால், வேலியின் அந்த இடம் மட்டும் கூடுதலாக இறங்கும். அந்தப் பக்கம் நெடுநாள் வாழ்ந்த பெரியவர் யாராவது இருந்தால், "இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டுவையுங்கள். மண் சோதனை அறிக்கையில் விடுபட்டது அவர் நினைவில் இருக்கலாம்.

எல்லா இடத்திலும் ஒரே களிமண் அல்ல

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே களிமண்ணால் வந்ததுதான். 1881இல் முதலில் தீயும் பிறகு வெள்ளமும் கோலாலம்பூரைச் சூறையாடின. அதன் பின், மரமும் அத்தாப்பும் கொண்ட கடைகளைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று ஃபிராங்க் சுவெட்டன்ஹம் உத்தரவிட்டார். அந்தச் செங்கல்லுக்காகக் கப்பித்தான் யாப் ஆ லோய் சூளை போட்ட இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். ஆனால் அது ஆற்றோரப் படிவு மண். கிள்ளானைப் போன்ற ஆழமான கடல் சேறு அங்கே இல்லை. ஆகவே பிரிக்பீல்ட்ஸிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ உள்ள நண்பரின் வீட்டில் நன்றாக நிற்கும் வேலி, அதே அடித்தளத்தோடு கிள்ளானிலும் நிற்கும் என்று சொல்ல முடியாது.

உங்கள் மண் எப்படி என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அரை மீட்டர் தோண்டி, ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து லேசாக நனைத்து, உள்ளங்கையில் முறுக்கு மாவு மாதிரி உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் திரியாக உருட்டியும் உடையவில்லை என்றால் அது களிமண். குழிக்குள் கட்டை விரலை அழுத்தும்போது சுலபமாக உள்ளே போனால் மென்களிமண். நகம் மட்டும்தான் பதிகிறது என்றால் கெட்டிக் களிமண், கவலை குறைவு.

அலுமினியம் எதில் உதவும், எதில் உதவாது?

எடையில் கண்டிப்பாக உதவும். ஒன்றரை மீட்டர் உயர அரைச் செங்கல் சுவர், பூச்சோடு சேர்த்து ஒரு மீட்டர் நீளத்துக்கு 350 முதல் 400 கிலோ வரை வரும். அதே அளவு அலுமினிய வேலி பெரும்பாலும் 15 கிலோவைத் தாண்டாது. சுவர் மண்ணுக்கு ஏற்றும் புதிய பாரத்தை வேலி ஏற்றாது. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் தரையை அது நிறுத்தவும் செய்யாது.

காற்று விஷயத்தில் அலுமினியம் சிக்கலைக் கொண்டுவருகிறது. உள்ளே யாரும் பார்க்கக் கூடாது என்று இடைவெளியே இல்லாத முழுப் பலகை வேலி போடுவது இப்போது ஃபேஷன். நம் மேற்குக் கரையில் விடியற்காலையில் 'சுமத்ரா' புயல்காற்று வரும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகக் காற்று, 2 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் உயரமும் கொண்ட மூடிய பலகையை ஏறக்குறைய 80 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். செங்கல் சுவர் தன் எடையால் அதைத் தாங்கும். எடை இல்லாத வேலிக்கு அந்த விசை முழுவதும் தூணின் அடிக்குப் போகிறது. மழையில் ஊறிய மென்களிமண்ணில் தூண் நெம்புகோல் மாதிரி குழியை அகட்டிக்கொண்டு சாயும். இடைவெளி விட்ட பட்டைகள் இருந்தால் காற்றும் போகும், வெள்ளம் வந்தால் நீரும் போகும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

யூடியூப் வீடியோவை அப்படியே பின்பற்றாதீர்கள்

"களிமண்ணில் வேலி" என்று தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்க, கனடா வீடியோக்கள். உறைபனி ஆழத்துக்குக் கீழே தோண்ட வேண்டும் என்பார்கள். அங்கே குளிர்காலத்தில் மண்ணில் உள்ள நீர் உறைந்து தூணை மேலே தள்ளும். நமக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. நமக்கு இருப்பது நேர் எதிரானது, கீழே இறங்குவது.

குழியின் அடியில் சரளைக் கல் போட்டால் நீர் வடியும் என்பது இன்னொரு அறிவுரை. மணல் கலந்த மண்ணில் அது சரி. களிமண்ணில் நீர் வடிய வழியில்லை, சரளை நிறைந்த குழி ஒரு சின்னக் கிணறாகிவிடும். தூணின் அடி எப்போதும் நீரில் நிற்கும், சுற்றியுள்ள மண்ணும் இளகும். நீரைக் குழிக்குள் விடாமல் தடுப்பதே நல்லது. கான்கிரீட்டின் தலையைத் தரைமட்டத்துக்குச் சற்று மேலே கொண்டுவந்து, சுற்றிலும் சரிவாகப் பூசிவிடுங்கள். போர்ச் கூரையின் மழைநீர்க் குழாய் வேலித் தூணின் அடியில் போய்க் கொட்டுகிறதா என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் ஒரே ஒரு தூண் மட்டும் சாய்வதற்கு இதுதான் காரணம்.

அடித்தளம்: சேர்ந்து இறங்கட்டும்

கெட்டிக் களிமண் என்றால், ஒன்றரை மீட்டர் வேலிக்கு 600 முதல் 750 மில்லிமீட்டர் ஆழக் குழியும் அடியில் சற்று அகலமான கான்கிரீட்டும் பெரும்பாலும் போதும். மென்களிமண் என்றால் ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனிக் குழி போடுவது வம்பு. ஒன்று இரண்டு சென்டிமீட்டர் இறங்கும், பக்கத்தில் உள்ளது ஐந்து இறங்கும், நடுவில் உள்ள பலகை முறுக்கிக்கொள்ளும்.

இங்கே பழைய ஆட்கள் செய்வது, கம்பி கட்டிய கான்கிரீட் பீம் ஒன்றைத் தரையோடு தரையாக ஓட்டி எல்லாத் தூண்களையும் அதன் மேல் நிறுத்துவது. மண் ரொம்ப மோசம் என்றால், பீமுக்கு அடியில் பாக்காவ் கட்டைகளை அடிப்பார்கள். பாக்காவ் என்பது நம் கண்டல் மரம்தான். எப்போதும் நீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வரை அது அழுகாது, நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அழுகிவிடும். 6 மீட்டர் கட்டை 20 மீட்டர் களிமண்ணின் அடியைத் தொடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மண்ணின் பிடிமானத்தில் அது மிதக்கிறது என்றே சொல்லலாம். பாக்காவ் போட்டால் இறங்கவே இறங்காது என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். வேலிக்காக வீடு அளவுக்குப் பைலிங் அடிப்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. வேலி முழுவதும் ஒரே சீராக, நேராக இறங்கினால் யார் கண்ணுக்கும் தெரியாது.

அதே காரணத்துக்காக, வேலியின் ஒரு முனையை வீட்டுத் தூணில் ஸ்குரூ போட்டு இறுக்காதீர்கள். அசையாத வீட்டோடு இறங்கும் வேலியைக் கட்டினால் நடுவில் எது பலவீனமோ அது கிழியும். வீட்டை ஒட்டி வேலிக்குத் தனித் தூண் வைத்து, 1 அல்லது 2 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். பூனைகூட நுழையாது.

தூணைக் கான்கிரீட்டுக்குள் புதைப்பதை விட, அடித்தட்டு வைத்து போல்ட்டில் நிறுத்துவதே கிள்ளானுக்கு ஏற்றது என்பது என் கருத்து. பின்னால் சாய்ந்தால் நட்டைத் தளர்த்தி, தட்டுக்கு அடியில் அண்டைக் கொடுத்து நிமிர்த்தலாம். புதைத்த தூணை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். புதைத்தே ஆக வேண்டும் என்றால், மண்ணுக்குள் போகும் பகுதிக்குத் தார்ப் பூச்சு அவசியம். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். இலேசான காற்றுக்கல் செய்யும்போது கலவையைப் பொங்க வைக்க அலுமினியப் பொடி போடுவது இதே வினையை நம்பித்தான். கல்லுக்கு அது நல்லது, உங்கள் தூணுக்கு அல்ல.

சின்னதாக இரண்டு விஷயம். சாதாரண இரும்பு ஸ்குரூ போட்டால், அதுவும் போர்ட் கிள்ளான் பக்கம் உப்புக் காற்றில், இரண்டு உலோகம் சேரும் இடத்தில் அரிப்பு சீக்கிரம் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகு ஸ்குரூவும் நைலான் வாஷரும் கேளுங்கள். நீளமான குறுக்குக் கம்பிகளுக்கு நீள்வட்டத் துளை வேண்டும். 6 மீட்டர் அலுமினியம் 40 பாகை வெப்ப மாற்றத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும், நம் மத்தியான வெயிலில் கறுப்பு நிற வேலிக்கு அது பெரிய விஷயமில்லை.

கேட்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்

வேலி இரண்டு சென்டிமீட்டர் சாய்ந்தாலும் தெரியாது. கேட் அரை சென்டிமீட்டர் சாய்ந்தாலே மோட்டார் முனகும். மடங்கும் டிராக்லெஸ் கேட்டின் எடை முழுவதும் பக்கத் தூண்களில்தான் தொங்குகிறது, அதனால் அந்த இரண்டு தூண்களின் அடியையும் தரைக்குக் கீழே ஒரே பீமால் இணைக்க வேண்டும். குத்தகையாளர் 'அடிக்கு இவ்வளவு' என்று விலை சொல்லும்போது, அதில் இந்த பீம் இருக்கிறதா, ஆழம் எவ்வளவு, எத்தனை கம்பி என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். தரைக்கு மேலே தெரியும் டிசைனுக்குப் பத்துப் படம் காட்டுபவர், கீழே போவதற்கு ஒரு வரைபடமாவது காட்டலாம்.

அனுமதி வேண்டுமா?

வேலிதானே என்று நினைக்கிறோம். ஆனால் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தில் 'கட்டடம்' என்ற சொல்லின் விளக்கத்திலேயே சுவர், வேலி, கேட் எல்லாம் அடங்கும். எனவே வேலையைத் தொடங்குவதற்கு முன் உங்கள் ஊராட்சித் துறையிடம், அதாவது கிள்ளான் அரச மாநகர் மன்றம், கோலாலம்பூர் மாநகர் மன்றம் போன்றவற்றிடம், சிறு கட்டுமானப் பணிக்கான அனுமதி பற்றிக் கேளுங்கள். உயரக் கட்டுப்பாட்டையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். எல்லைக் கல்லை நகர்த்துவது குற்றம். குழி தோண்டும்போது அது பெயர்ந்துவிட்டால் "தெரியாம நடந்துடுச்சு" என்பது பதிலாகாது. பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரை இடிக்கப் போகிறீர்கள் என்றால் அவர்களிடம் முன்பே பேசி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தண்ணீர் மீட்டரிலிருந்து வீட்டுக்குள் போகும் குழாய் பெரும்பாலும் வேலிக்கு அடியில்தான் ஓடும், அந்த இடத்தில் மெஷின் வேண்டாம், கையால் தோண்டச் சொல்லுங்கள்.

எப்போது செய்வது?

நம் வீடுகளில் இந்த மாதிரி வேலையெல்லாம் தீபாவளிக்கு முன்னால்தான் நடக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபரும் நவம்பரும் கனமழை மாதங்கள். குழி தோண்டிய அன்று மாலையே நீர் நிறைந்துவிடும், அவசரத்தில் சேற்றின் மேலேயே கான்கிரீட் கொட்டுவார்கள். ஜூன், ஜூலையில் மழை சற்றுக் குறைவு, முடிந்தால் அப்போது தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒரு மூன்று மாதம் பொறுமை இருந்தால், பழைய சுவரின் வெடிப்புகளின் இரு ஓரத்திலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை இடைவெளியை அளந்து போனில் படம் எடுங்கள். அகலம் மாறவில்லை என்றால் தரை ஓரளவு நிலைத்துவிட்டது, எளிய அடித்தளத்தோடு போகலாம். வளர்ந்துகொண்டே போனால் அந்தப் படங்களைக் குத்தகையாளரிடம் காட்டி, இந்த இறக்கத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கொடுங்கள்.