தண்டுவட மேலுறைக் குருதிக்கட்டு

தண்டுவட மேலுறைக் குருதிக்கட்டு என்பது தண்டுவடத்தைப் போர்த்தியுள்ள தடித்த உறைக்கும் முதுகெலும்புக்கும் இடையே குருதி கசிந்து தேங்கி, தண்டுவடத்தை நெரிக்கும் நிலையாகும். இது அரிதானது; எனினும் சில மணி நேரத்தில் நிலையான முடக்கத்தை ஏற்படுத்தக்கூடியது. வார்ஃபரின், ஹெப்பாரின், ரிவரோக்சபான் முதலிய குருதி உறைவெதிர்ப்பு மருந்துகளின் பயன்பாடு இதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

உருவாகும் விதம்

இவ்விடைவெளியில் வால்வுகளற்ற மெல்லிய சிரைகள் வலைபோல் பின்னியுள்ளன. இருமல், தும்மல், பளு தூக்குதல் ஆகியவற்றால் வயிற்றில் எழும் அழுத்தம் இச்சிரைகளையும் எட்டுகிறது. பெரும்பாலான கசிவுகள் இங்கிருந்தே தொடங்குவதாகக் கருதப்படுகிறது. இயல்பாகக் குருதி உறைபவரிடம் தானே அடைபட்டுவிடும் சிறு கிழிசல், இம்மருந்து உட்கொள்பவரிடம் தொடர்ந்து கசியலாம். சுற்றிலும் எலும்பு இருப்பதால், தேங்கும் குருதி தண்டுவடத்தையே அழுத்துகிறது.

முதுகில் ஊசி செலுத்தி உணர்விழக்கச் செய்யும்போதும் சிரைகள் காயப்படலாம். எனாக்சாபாரின் என்னும் ஹெப்பாரின் வகை மருந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் ஐரோப்பாவில் நாளுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் அளவிலும், 1993இல் ஒப்புதல் பெற்ற ஐக்கிய அமெரிக்காவில் 30 மில்லிகிராம் வீதம் இருமுறையும் வழங்கப்பட்டது. அமெரிக்காவில் இவ்வகைக் குருதிக்கட்டுகள் அடுத்தடுத்து அறியப்படவே, அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 1997 டிசம்பரில் எச்சரிக்கை விடுத்தது. முதுகில் பொருத்திய நுண்குழாயை அகற்றும் நேரமும் ஊசி குத்தும் நேரத்துக்கு நிகரான இடர் உடையது என்பது பலரும் மறந்துவிடும் செய்தி.

அறிகுறிகள்

கழுத்திலோ முதுகிலோ திடீரெனக் கடும் வலி தோன்றும். பின்னர் கைகால் தளர்ச்சி, மரத்துப்போதல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியன தொடரும். முதுகில் மரப்பு ஊசி போடப்பட்டவரிடம் வலி மறைந்துவிடுவதாலும், கால் அசையாமை ஊசியின் விளைவாகவே எண்ணப்படுவதாலும் நோய் தாமதமாகவே புலப்படுகிறது. கழுத்துப் பகுதிக் குருதிக்கட்டு சிலரிடம் உடலின் ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்திப் பக்கவாதம்போல் தோன்றும். ஆனால் முகம் கோணாது. இதனை மூளைக் குருதிக்குழாய் அடைப்பெனக் கருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தினால் கசிவு பெருகும்.

மருத்துவம்

காந்த ஒத்ததிர்வுப் படம் நோயை உறுதிசெய்கிறது. உறைவெதிர்ப்பு மருந்து உடனே நிறுத்தப்பட்டு முறிமருந்து தரப்படுகிறது: வார்ஃபரினுக்கு உயிர்ச்சத்து கே மற்றும் உறைவுக்காரணிச் செறிவு, ஹெப்பாரினுக்குப் புரோட்டமின், டாபிகாட்ரானுக்கு 2015 முதல் இடாருசிசுமாப். தளர்ச்சி மிகும் நோயாளிக்கு முள்ளெலும்பின் பின்வளைவை நீக்கிக் குருதிக்கட்டு அகற்றப்படும். தளர்ச்சி தொடங்கிய 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களே பெரும்பாலும் நன்கு மீள்கின்றனர். அறுவைக்கு முன்பே உணர்வும் அசைவும் முற்றிலும் இழந்தவர்கள் மீள்வது கடினம்.