மகாவலியின் அடியில் நகரும் மணல்மேடுகள்

நான் வாழும் பல்லேகலயில் மகாவலியைப் பார்த்தால் நீர் ஓடுவது மட்டுமே தெரியும். அடியில் மணலும் பயணிக்கிறது. நீரோட்டம் மணல்மேட்டின் ஒரு சரிவிலிருந்து மணலை உருட்டிச்சென்று மறுசரிவில் கொட்டுகிறது; இப்படியே மேடு முழுவதும் கடலை நோக்கி மெல்ல நகர்கிறது.

பல்லேகலவுக்கு மேலே 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்ல அணைக்கட்டும், கீழே 1985இல் திறக்கப்பட்ட 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டும் இந்தப் பயணத்தை மறிக்கின்றன. தேங்கிய நீரில் வேகம் குறைவதால் மணல் அங்கேயே படிகிறது. நீர்த்தேக்கத்தின் கொள்ளளவும் சுருங்குகிறது.

மூதூருக்கு அருகே, கொட்டியாரக்குடாவில் மகாவலி கடலில் கலக்கிறது. அங்கு அலைகள் அள்ளிச்செல்லும் மணலை ஈடுசெய்வது ஆற்று மணல்தான். அணைகளுக்குக் கீழே எஞ்சும் மணலையும் அகழ்ந்துவிட்டால் கரை அரிக்கப்படும். மணல் அகழ்வு அனுமதி வழங்குவோர் முகத்துவாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.