தமிழ்ப்பள்ளியில் மரியாதைப் பாடம்: ஒப்பிப்பதில் தொடங்கி, பழகுவதில் முடிய வேண்டியது

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை, எழுத்துக் கூட்டிச் சரளமாக வாசிக்கும் முன்பே தேசியக் கோட்பாட்டைச் சொல்லப் பழகிவிடுகிறது. சபைகூடலில் வலக்கையை உயர்த்தி அதைச் சொல்கிறது. நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையிலும் பாடநூலின் முன்பக்கங்களிலும் அதைப் பார்க்கிறது. ஆறாண்டுகள் முடியும்போது ஐந்து கோட்பாடுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடும்.

அதே பிள்ளை சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நிற்கிறதா? சக மாணவனின் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யாமல் இருக்கிறதா? கழிப்பறையைக் கழுவும் பணியாளரை எப்படி அழைக்கிறது? இவற்றுக்கான விடை பின்னட்டையில் கிடைக்காது. ஒப்பிப்பதற்கும் நடப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைப்பதே தொடக்கப்பள்ளியில் குடிமைப் பண்பு கற்பிப்பதன் நோக்கம். அதற்குப் பள்ளியில் என்னென்ன வழிகள் உள்ளன, பெற்றோரின் பங்கு எங்கே தொடங்குகிறது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

தேசியக் கோட்பாடு முதல் சிவிக் வரை

1969 மே 13 இனக்கலவரத்திற்குப் பிறகு, பல இன மக்களையும் ஒரே நாட்டினராகப் பிணைக்கும் நோக்கில் உருவாக்கப்பட்டது ருக்குன் நெகாரா எனப்படும் தேசியக் கோட்பாடு. அது 1970 ஆகஸ்டு 31-இல் பிரகடனம் செய்யப்பட்டது. இறை நம்பிக்கை, பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியலமைப்பின் மேன்மை, சட்டத்தின் ஆட்சி ஆகிய நான்கையும் அடுத்து ஐந்தாவதாக வருவது நன்னடத்தையும் ஒழுக்கமும். ஒரு தொடக்கப்பள்ளி மாணவன் தினமும் கடைப்பிடிக்க வாய்ப்புள்ள கோட்பாடு இந்த ஐந்தாவதுதான்.

1983-இல் கேபிஎஸ்ஆர் பாடத்திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, தொடக்கப்பள்ளியில் நன்னெறிக் கல்வி தனிப் பாடமானது. முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்வியையும் மற்ற மாணவர்கள் நன்னெறிக் கல்வியையும் பயில்கிறார்கள். பாடம் பிரிந்து நடப்பதால், எல்லாச் சமயப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பண்புகளைப் பற்றிப் பேசும் நேரம் தேவை என்ற எண்ணம் தொடர்ந்து இருந்து வந்தது. 2005-இல் நான்காம் ஆண்டு முதல் குடிமையியல், குடியுரிமைக் கல்வி என்ற பாடம் அனைவருக்கும் பொதுவாக அறிமுகமானது. பின்னர் கேஎஸ்எஸ்ஆர் பாடத்திட்டம் வந்தபோது அது தனிப் பாடமாக நீடிக்கவில்லை.

2019 ஜூன் மாதம் குடிமையியல் மீண்டும் பள்ளிக்குள் வந்தது. ஆசிரியர்கள் சுருக்கமாகச் 'சிவிக்' என்று சொல்லும் இது தனிப் பாடமாக வரவில்லை. மாதத்தின் நான்காவது வாரத்தில் ஒரு மணி நேரம், மலாய்மொழி, ஆங்கிலம், நன்னெறிக் கல்வி அல்லது இஸ்லாமியக் கல்வி, வரலாறு ஆகிய பாடங்களின் வழியாக நடத்தும்படி அமைக்கப்பட்டது. அன்பு, ஒருவரையொருவர் மதித்தல், பொறுப்புணர்வு, மகிழ்ச்சி ஆகிய நான்கும் அதன் அடிப்படைப் பண்புகள்.

பாடநூல் சொல்லும் மரியாதை

கேஎஸ்எஸ்ஆர் நன்னெறிக் கல்வி 14 நெறிகளைக் கொண்டது. மரியாதை, அன்பு, நேர்மை, நீதி, துணிவு, ஒத்துழைப்பு, நன்றியுணர்வு, சகிப்புத்தன்மை முதலியவை அவற்றில் அடங்கும். தான், குடும்பம், பள்ளி, அண்டை அயலார், சமூகம், நாடு என ஆண்டுக்கு ஆண்டு வட்டம் விரிகிறது. மகன் மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது பள்ளியில் உள்ளவர்களை மதிப்பது பற்றியும், அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டாரை மதிப்பது பற்றியும் படிப்பான்.

ஒவ்வொரு நெறியையும் சிந்தனை, உணர்வு, நடத்தை என்ற மூன்று நிலைகளில் கற்பிக்க வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. பாதுகாவலருக்கு ஏன் வணக்கம் சொல்ல வேண்டும் என்று யோசிப்பது முதல் நிலை. யாரும் கண்டுகொள்ளாவிட்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்று உணர்வது இரண்டாம் நிலை. மறுநாள் காலை பள்ளி வாசலில் வணக்கம் சொல்வது மூன்றாம் நிலை. பயிற்சிநூலில் கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு பாடம் நின்றுவிட்டால், முதல் நிலைகூட முழுமையாகாது.

இவற்றோடு தமிழ்ப்பள்ளிக்கு என்று தனியாக ஒரு சொத்து உண்டு. தமிழ்மொழிப் பாடத்தின் செய்யுள் மொழியணிப் பகுதியில் ஆத்திசூடி, கொன்றை வேந்தன், திருக்குறள், மூதுரை, நல்வழி ஆகியவை இடம்பெறுகின்றன. செய்யுளையும் பொருளையும் மனனம் செய்வதோடு, அந்த வாரத்தில் வகுப்பில் நடந்த ஒன்றோடு அதைப் பொருத்திப் பேசினால், தமிழ் நேரமே குடிமை நேரமாகிவிடும்.

மரியாதை மேல்நோக்கி மட்டுமா?

நம் வீடுகளில் மரியாதை என்றாலே பெரியவர்களுக்குச் சிறியவர்கள் தருவது என்றுதான் பொருள். பாடத்திட்டம் சொல்வது அதைவிட அகலமானது. 'ஹோர்மாட்-மெங்ஹோர்மாத்தி' என்ற மலாய்த் தொடரின் அமைப்பிலேயே கொடுப்பதும் பெறுவதும் இருக்கின்றன. ஒருவர் கொடுத்து மற்றவர் பெற்றுக்கொள்வதோடு அது முடிவதில்லை.

தமிழில் இதைக் கற்பிப்பதற்கு எளிய வழி நம் சொற்களிலேயே உள்ளது. 'வா', 'வாங்க', 'அவன்', 'அவர்', 'சொன்னா', 'சொன்னாங்க'. யாருக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பிள்ளைகளையே ஒரு பட்டியலாக எழுதச் சொல்லலாம். தலைமையாசிரியர் 'வந்தாங்க', துப்புரவுப் பணியாளர் 'வந்தா' என்று பட்டியல் அமைந்தால், பேச வேண்டிய விஷயம் கிடைத்துவிட்டது. வயதில் மூத்தவர்கள் இருவர். ஒருவருக்கு மட்டும் மரியாதை விகுதி ஏன் குறைந்தது?

தோட்டப்புறப் பள்ளிகளில் இந்தக் கேள்வி இன்னும் நெருங்கி வருகிறது. செம்பனைத் தோட்டங்களில் இன்று இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். பால் மரம் சீவி, 'கூலி' என்று அழைக்கப்பட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் அவர்களை எப்படி அழைக்கிறார்கள்? தாத்தாவும் பாட்டியும் பட்ட அவமானத்தை அறிந்த பிள்ளைக்கு, அடுத்தவருக்கு அதைச் செய்யக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையிராது. அந்தக் கதையை அதற்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பட்டப்பெயரில் தொடங்கும் பகடிவதை

பகடிவதை பெரும்பாலும் அடிதடியில் தொடங்குவதில்லை. நிறம், உடல் பருமன், திக்கிப் பேசுதல், அப்பாவின் வேலை, கிழிந்த காலணி ஆகியவற்றை வைத்துச் சூட்டப்படும் பட்டப்பெயரில் தொடங்குகிறது. "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்பது சூட்டியவரின் பதில். பெயரைச் சுமப்பவர் சிரித்துக்கொண்டே போய்விடுவதால், அவருக்கும் அது விளையாட்டு என்று வகுப்பு முடிவு செய்துவிடுகிறது.

இங்கே ஆசிரியரின் நாக்குதான் முதல் பாடநூல். ஆசிரியரே ஒரு மாணவனைப் பட்டப்பெயரில் அழைத்தால், அதற்கு மொத்த வகுப்பும் அனுமதி பெற்றதாகிவிடும். அவர் ஒவ்வொரு பிள்ளையையும் சொந்தப் பெயரால், சரியான உச்சரிப்பில் அழைத்தால் அதுவும் அப்படியே பரவும்.

தவறு செய்த பிள்ளையை எல்லார் முன்னும் நிறுத்தி "சோரி சொல்லு" என்று கட்டாயப்படுத்துவது பல பள்ளிகளில் வழக்கம். அந்த ஒரு சொல்லோடு விவகாரம் முடிந்துவிட்டதாகப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் போதும்: என்ன நடந்தது? அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இதைச் சரிசெய்ய நீ என்ன செய்யப் போகிறாய்? இரு தரப்பையும் தனித்தனியே கேட்க ஆசிரியருக்குப் பத்து நிமிடம் பிடிக்கலாம். ஆனால் தன் பக்கத்தைக் கேட்டார்கள் என்ற உணர்வு இரு பிள்ளைகளுக்கும் கிடைக்கும். தன்னைக் கேட்டவர்களைப் பார்த்துத்தான் பிள்ளை அடுத்தவரைக் கேட்கப் பழகும்.

பதின்மூன்று வயதில் வரும் சோதனை

நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்தியப் பிள்ளைகள். மொழிக்கும் பண்பாட்டுக்கும் இது பலம். அதே வேளையில், பல பிள்ளைகள் மலாய், சீன மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்வது இடைநிலைப்பள்ளியில்தான் முதன்முறையாக நடக்கிறது. சிலர் புகுமுக வகுப்பிலும், மற்றவர்கள் நேரடியாகப் படிவம் ஒன்றிலும் காலடி வைக்கிறார்கள். அங்கே ஒரு கேலிச் சொல் வந்தால் திருப்பி அடிப்பது, ஒதுங்கிப் போய்விடுவது ஆகிய இரண்டு வழிகளை மட்டுமே அறிந்த பிள்ளை தடுமாறும். நிமிர்ந்து நின்று, "அப்படிக் கூப்பிடாதே, என் பெயர் இது" என்று சொல்லி, தேவையானால் ஆசிரியரிடம் முறையிடத் தெரிந்த பிள்ளை தேறும். மற்றவரை மதிப்பதும் தன் மதிப்பைக் காத்துக்கொள்வதும் ஒரே பாடத்தின் இரு பாதிகள்.

இந்த இடைவெளியைக் குறைக்கக் கல்வி அமைச்சு ரிமுப் எனும் மாணவர் ஒருங்கிணைப்புத் திட்டத்தை நடத்தி வருகிறது. தேசியப்பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி மாணவர்கள் விளையாட்டு, கலை, முகாம், கூட்டுத் துப்புரவு போன்ற நடவடிக்கைகளில் ஒன்றுசேர்வது இதன் நோக்கம். படம் எடுத்துப் போட்டுவிட்டுக் கலைந்தால் பயன் குறைவு. கலவையான குழுக்களாகப் பிரித்து, சேர்ந்து செய்தால் மட்டுமே முடியும் வேலையைக் கொடுத்தால், பெயர் தெரிந்த ஒரு நண்பனோடு பிள்ளை வீடு திரும்பும். அக்கம்பக்கப் பள்ளியோடு இப்படி ஒரு நிகழ்ச்சியை நடத்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கமே தலைமையாசிரியரிடம் கேட்கலாம்.

மதிப்பெண்ணில் அடங்குமா?

2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்ட பிறகு வகுப்புசார் மதிப்பீடு முக்கியத்துவம் பெற்றது. நன்னெறிக் கல்வியிலும் மாணவரின் அடைவு 1 முதல் 6 வரை நிலைப்படுத்தப்படுகிறது. அறிக்கையில் உயர்ந்த நிலை வந்ததைக் கண்டு பெற்றோர் மகிழ்வது இயல்பு. எனினும் ஆசிரியரைச் சந்திக்கும் நாளில், "என் பிள்ளை எத்தனையாவது நிலை?" என்பதோடு நிறுத்திவிடாமல், "யாரோடு சேர்ந்து விளையாடுகிறான்? யாராவது தனியாக இருந்தால் என்ன செய்கிறான்?" என்றும் கேட்பது பயன் தரும். அறிக்கையில் எழுத இடமில்லாத பல தகவல்கள் அந்தப் பதிலில் கிடைக்கும்.

வீட்டில் தொடங்க வேண்டியவை

பள்ளி ஆறு மணி நேரம் கற்பிப்பதை வீடு ஆறே நிமிடத்தில் அழித்துவிடக்கூடும். சாப்பாட்டு மேசையில் மற்ற இனத்தவரைப் பற்றி, மற்ற சாதியைப் பற்றி, ஆசிரியரைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்பதைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பெற்றோர் உடனே செய்யக்கூடிய சில:

• பள்ளிப் பேருந்து ஓட்டுநர், சிற்றுண்டிச்சாலை நடத்துநர், பாதுகாவலர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் பெயரைப் பிள்ளையிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் நாளை கேட்டுவரச் சொல்லுங்கள்.

• கடையிலும் மருந்தகத்திலும் நீங்கள் வரிசையில் நில்லுங்கள். தெரிந்தவர் இருக்கிறார் என்று முன்னால் போனால், அதையும் பிள்ளை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளும்.

• ஆசிரியர்மீது மனக்குறை இருந்தால் நேரில் சென்று பேசுங்கள். பிள்ளையின் முன்னும் புலனக் குழுவிலும் வசைபாட வேண்டாம்.

• பிள்ளை பேசும்போது கைப்பேசியைக் கீழே வையுங்கள். நடுவில் குறுக்கிடாமல் முடிக்க விடுங்கள்.

• தவறு உங்கள்மீது இருந்தால், பிள்ளையிடமும் மன்னிப்புக் கேளுங்கள். அதனால் பெற்றோரின் மதிப்புக் குறைவதில்லை.

வரும் திங்கட்கிழமைச் சபைகூடலிலும் பிள்ளைகள் கையை உயர்த்தித் தேசியக் கோட்பாட்டைச் சொல்வார்கள். ஐந்தாவது வரி முடிந்து கை கீழே இறங்கிய பின், வகுப்புக்குத் திரும்பும் வழியில் யாரை இடித்துத் தள்ளாமல் நடக்கிறார்கள் என்பதிலிருந்து அந்த வாரத்தின் பாடம் தொடங்குகிறது.