கம்பி விழுங்கிய மாடு: நெஞ்சு எக்ஸ்ரே எப்போது உதவும்?

நன்றாகக் கறந்துகொண்டிருந்த பசு திடீரென்று பாதிப் பாலுக்கு வந்துவிட்டதா? அசைபோடாமல், முதுகை வளைத்து, முன்னங்கால்களை அகட்டி நிற்கிறதா? எழும்போதும் சாணி போடும்போதும் முனகி, மேட்டிலிருந்து இறங்கத் தயங்குகிறதா? வெறும் வயிற்று மந்தம் என்று கைமருந்து கொடுத்து ஒரு வாரத்தைக் கடத்திவிடாதீர்கள். மாடு கம்பியோ ஆணியோ விழுங்கியிருக்கலாம்.

ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு அப்படியில்லை, நாக்கால் சுருட்டி அள்ளி விழுங்கிவிடும். தீவனத்தோடு போன கம்பி, தேன்கூடு போன்ற உட்சுவர் கொண்ட இரண்டாவது வயிற்றில் தங்குகிறது. அந்த வயிற்றுக்கும் இதயத்துக்கும் இடையே உதரவிதானம் என்ற தசைச் சுவரும் சில சென்டிமீட்டர் இடைவெளியும்தான். வயிறு சுருங்கும் ஒவ்வொரு முறையும் கம்பி முன்னோக்கித் தள்ளப்படலாம். நிறைசினை மாட்டில் கருப்பையின் அழுத்தமும், கன்று ஈனும்போது முக்குவதும் சேர்ந்துகொள்ளும். கம்பி இதய உறையைக் குத்தினால் அங்கே சீழும் நீரும் கட்டும். அலைதாடி வீங்கி, கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்துவிட்டால் பெரும்பாலும் மாட்டைக் காப்பாற்ற முடிவதில்லை.

எனவே எக்ஸ்ரே எடுப்பதானால் அந்த வீக்கம் வருவதற்கு முன்பே எடுக்க வேண்டும். கம்பி எங்கே, எந்தச் சாய்வில் நிற்கிறது, வயிற்றைத் தாண்டிவிட்டதா என்பதைப் படம் காட்டும். மெட்டல் டிடெக்டர் இரும்பு இருப்பதை மட்டுமே சொல்லும். நல்ல ஆரோக்கியமான மாட்டின் வயிற்றிலும் இரும்பு கிடப்பதுண்டு என்பதால் அதை மட்டும் நம்பி அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது.

எக்ஸ்ரேயிலும் எல்லாம் தெரியாது. பிளாஸ்டிக், கயிறு தெரிவதில்லை. இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருப்பதை ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும். (வீட்டுப் பூனைக்கும் இதே கதைதான். அதற்கு அதிகம் வரும் இதய நோயில் இதயச் சுவர் உட்புறமாகத் தடிப்பதால், எக்ஸ்ரேயில் இதயம் சரியான அளவில் இருப்பதுபோலவே தெரியலாம்.)

வளர்ந்த மாட்டின் நெஞ்சு தடிமனானது, சிறிய எக்ஸ்ரே கருவி போதாது. முதலில் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், அல்லது 1962 எண்ணை அழையுங்கள். பரிசோதித்தபின் அவர் பரிந்துரைத்தால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாம். கறம்பக்குடி, கந்தர்வகோட்டை பகுதியினருக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். மாட்டை வண்டியில் ஏற்றும் முன் எக்ஸ்ரே வசதியை போனில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இதயம் பாதிக்கப்படவில்லை என்றால், இடப்பக்க விலாவுக்குப் பின்னால் திறந்து, பெருவயிற்றின் வழியே கைவிட்டுக் கம்பியை எடுத்துவிடுவார்கள்.

கம்பி மாட்டுக்குள் போகும் வழி பெரும்பாலும் நம் வீட்டுவாசலில்தான் இருக்கிறது. போகிக்கு டயர் எரித்தால் ரப்பர் போய் மெல்லிய எஃகு இழைகள் சாம்பலில் கிடக்கும். கட்டட வேலையில் வெட்டிப்போட்ட கட்டுக்கம்பி, வேலியில் இற்று விழுந்த முள்கம்பித் துண்டு ஆகியவையும் ஆபத்தே. வைக்கோல், கடலைக்கொடிப் போர்களின் அருகே இவை கிடக்கவிடாதீர்கள்.

வயிற்றில் தங்கி இரும்பைப் பிடித்துவைக்கும் மாட்டுக் காந்தத்தை மருத்துவர் வாய்வழியே செலுத்துவார். பொதுவாக ஒரு மாட்டுக்கு ஒன்று போதும். விலைக்கு வாங்கிய மாட்டுக்கு ஏற்கெனவே போட்டிருக்கிறார்களா என்று தெரியாவிட்டால், இடப்பக்க முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் திசைகாட்டியைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே காந்தம் இருந்தால் முள் திரும்பும்.