எட்டிப் பார்த்துக் கற்ற எண்ணெய் வண்ணம்

வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை வட்டாரத்து மலைக்கோட்டைச் சீமைக்கு அந்தக் காலத்தில் பாராமகால் என்று பெயர். 1792இல் மூன்றாம் மைசூர் போர் ஓய்ந்து, சீமை திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்கு மாறிய கையோடு இரண்டு ஆங்கில ஓவியர்கள் இங்கே வந்தார்கள்: தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம். ராயக்கோட்டைப் பாறையைக் காகிதத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லண்டனில் அது அச்சுப்படமாக வெளிவந்தது. மலை படமாகிவிட்டது, படம் போடும் வித்தை மட்டும் இங்கே தங்கவில்லை.

தங்காததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய ஓவியத்தின் எண்ணெய் வண்ணத்தையே பாருங்கள். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நிறத்தோடு நிறத்தை இழைக்க அந்த ஈரம்தான் வசதி. ஆனால் அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். வரிசை மாறினால் பிற்பாடு மேல்பூச்சு வெடிக்கும். முடிந்த படத்திலோ மேலே உள்ளதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அடியில் என்ன இருக்கிறதென்று அறிய, போடுகிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் அதே படத்தைத் தானும் போட்டுப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் நிற்கவிடுவார்களா? 1862இல் பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த ரவிவர்மாவுக்கு, அங்கே எண்ணெய் வண்ணம் அறிந்திருந்த ராமசாமி நாயக்கர் அதைச் சொல்லித்தர மறுத்தார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ராத்திரியில் ரகசியமாக வந்து தொழில் நுணுக்கங்களைச் சொன்னார் என்கிறது ரவிவர்மாவின் வரலாறு. 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியர் மன்னரை வரைய வந்தார். அவரும் கற்றுத்தரச் சம்மதிக்கவில்லை. வேலை செய்யும்போது பார்க்க மட்டும் விட்டார். பார்த்தது போதுமாக இருந்தது. 1873இல் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மாவுக்குத் தங்கப்பதக்கம்.

பாரிஸில் இந்தக் கெடுபிடி இல்லை. லூவர் அருங்காட்சியகத்தில் பழைய படத்துக்கு எதிரே ஓவியத் தாங்கியை நிறுத்தி, அனுமதி வாங்கிக்கொண்டு நகலெடுக்கலாம். ஓவியர் மத்தீஸ் அங்கே பழைய ஓவியர் ஷார்தானின் படங்களை நகலெடுத்துப் பழகியவர். 1905இல் அவர் வரைந்த ‘திறந்த ஜன்னல்’ படத்தில் பழைய குருமார்களின் சாயலே இல்லை. ஜன்னலுள்ள அறையின் படம்தான் நகலெடுப்பவருக்கு நல்ல பரீட்சை. வெள்ளையை எவ்வளவு அப்பினாலும் வெயில் வராது. அறைக்குள் நிறத்தை அடக்கினால்தான் வெளியே வெளிச்சம் பிறக்கும். இம்ப்ரெஷனிஸ்டுகள் நிழலுக்குக் கறுப்பை விட்டு நீலத்தையும் ஊதாவையும் எடுத்ததும் இந்த இடத்தில்தான் புரியும்.

நகலெடுப்பதை வெறுத்தவர்களும் இருந்தார்கள். 1884இல் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமையேற்ற ஹாவெல், பின்னர் கல்கத்தாவுக்குப் போய் ஐரோப்பியப் படங்களையும் நகல்களையும் ஒதுக்கித் தள்ளினார்; மாணவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். இந்திய மரபுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஹாவெலின் நோக்கம் நல்லதுதான். ஆனாலும் கைக்கு வேலை தெரியாமல் மரபை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற அந்தப் பையன்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

பின்னாளில் சென்னைப் பள்ளியில் படித்த கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதப் போனார். 1942இல் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம் போன்றோர் அவருக்குச் சீடர்களானார்கள். குரு போட்ட லட்சுமியையும் முருகனையும் பார்த்துப் பார்த்து எழுதித்தான் கை திருந்தியது. அந்தப் படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சேறின. சிலவற்றின் அடியில் குரு பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே கையெழுத்தாக இருக்கும்.